சிம் ஹாக்கி லீகில் முதல் சீசன்: பிளேஆஃப் விதிக்கும் எம்.வி.பி.க்கும் ஓட்டுப் போடும் முன்

சிம் ஹாக்கி லீகில் யாரும் ஐஸில் சறுக்குவதில்லை. சிம் என்றால் சிமுலேஷன், மென்பொருளே ஆட்டத்தை ஆடி முடித்துவிடும். ஒரு அணியின் ஜிஎம்மாக (ஜெனரல் மேனேஜர்) இருந்து யாரை எடுப்பது, யாரை டிரேடில் விடுவது, எந்த மூவரை ஒரே லைனில் இறக்குவது என்று முடிவு செய்வது மட்டும்தான் உங்கள் வேலை. லீகை நடத்தும் கமிஷனர் பட்டனைத் தட்டியதும் அன்றைய முடிவுகள் வந்து விழும். ஆட்டமோ ஐஸ் ஹாக்கி. பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஐஸைப் பார்க்க வேண்டுமானால் சர்பத் கடைக்கோ மீன் மார்க்கெட்டுக்கோ போக வேண்டும். இருந்தாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இதற்குள் வரத்தான் செய்கிறார்கள். சிலர் கோவில்பட்டி ஹாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள், சிலர் ஃபேன்டசி கிரிக்கெட்டில் சலித்துப் போனவர்கள்.

சேர்ந்த புதிதில் பெரிய சிக்கல் வராது. லைன் போடுவதையும் சம்பளக் கணக்கையும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். சீசன் முடியப் போகும் நேரத்தில்தான் உங்கள் முன்னால் இரண்டு ஓட்டுச்சீட்டு வந்து நிற்கும். ஒன்று, லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் விதியை மாற்றலாமா என்பது. இன்னொன்று, இந்த சீசனின் எம்.வி.பி., அதாவது மிகவும் மதிப்பு வாய்ந்த வீரர் யார் என்பது. குழுவில் பழைய ஆட்கள் கொதித்துக்கொண்டிருப்பார்கள். புதியவர் ஒன்று வாயே திறக்க மாட்டார், இல்லாவிட்டால் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவர் பின்னால் போவார். இரண்டுமே வேண்டாம். இரண்டு ஓட்டுக்கும் வழி ஒன்றுதான்: அளவுகோலை முதலில் முடிவு செய்யுங்கள், பெயரை அப்புறம் பாருங்கள். இதை எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

ஆட்டத்தின் கணக்கு

மைதான ஹாக்கி தெரிந்தவர்களுக்கும் சில விஷயங்கள் மாறும். அங்கே 11 பேர், 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி, வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். ஐஸில் கோலியோடு (கோல்கீப்பர்) சேர்த்து 6 பேர், 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட், எங்கிருந்து அடித்தாலும் கோல். பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வில்லை. மூன்று ஃபார்வர்டுகள் சேர்ந்தால் ஒரு லைன், டிஃபென்ஸில் இருவர் ஒரு ஜோடி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுவார்கள். தப்பாட்டம் ஆடியவர் பெரும்பாலும் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த நேரம் எதிரணிக்குப் பவர்பிளே. கிரிக்கெட்டில் சொல்லும் பவர்பிளேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோல் அடித்தவருக்கு ஒரு பாயிண்ட். அதற்குப் பக்கைக் கடத்திக் கொடுத்தவர்களில் கடைசி இருவர் வரை தலா ஒரு பாயிண்ட். இது வீரரின் கணக்கு. அட்டவணையில் அணிக்குக் கிடைப்பதைக் குழப்பம் வராமல் இருக்கப் புள்ளி என்றே எழுதுகிறேன். வென்றால் 2 புள்ளி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1, அறுபது நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. இது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். வழக்கம். அங்கே 2015-16 சீசனிலிருந்து லீக் ஆட்டங்களில் 5 நிமிட ஓவர்டைம், ஒரு பக்கத்துக்கு 3 பேர். அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட். பிளேஆஃப் வந்துவிட்டால் ஷூட்அவுட் கிடையாது. ஐந்துக்கு ஐந்தாக 20 நிமிடம், முதல் கோல் விழும்வரை திரும்பத் திரும்ப ஆட வேண்டும். லீக் ஆட்டத்துக்கும் பிளேஆஃபுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உங்கள் லீகின் மென்பொருள் பின்பற்றுகிறதா என்று முதல் வேலையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூவர் ஓவர்டைமுக்கென்றே வேகமான ஆளை விலை கொடுத்து வாங்கி வைத்திருப்பீர்கள், பிளேஆஃப் தொடங்கும் ஏப்ரலில் அவருக்கு அந்த வேலையே இருக்காது.

விதிப் புத்தகத்தைப் படிக்கும் வரிசை

முதல் பக்கத்திலிருந்து படித்தால் தூக்கம்தான் வரும். நேராகப் பிளேஆஃப் பகுதிக்குப் போங்கள். எத்தனை அணி உள்ளே போகிறது, சமபுள்ளி வந்தால் எதை வைத்துப் பிரிக்கிறார்கள், தொடர் எத்தனை ஆட்டம், ரோஸ்டர் (அணியின் ஆட்கள் பட்டியல்) எந்தத் தேதியில் பூட்டப்படுகிறது, காயம்பட்டவருக்குப் பதில் ஆள் எடுக்கலாமா என்பதை எல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வரியைக் குறிப்பாகத் தேட வேண்டும். எப்போது ஆட்டத்தை மறுபடி சிம் செய்வார்கள்? கமிஷனர் பழைய லைன் ஃபைலை ஏற்றிவிட்டால் மட்டும், வேறு எதற்கும் கிடையாது என்று எழுதியிருந்தால் நல்ல லீக். 'கமிஷனர் விருப்பம்' என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நேரக் கணக்கு நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய கண்டம். பெரும்பாலான லீகுகள் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் ஓடும். அங்கே கோடை நேரம் நடக்கும்போது நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். அங்கே இரவு 9 மணிக்கு லைன் அனுப்பக் கடைசி நேரம் என்றால், பிப்ரவரியில் நமக்குக் காலை 7.30, ஏப்ரலில் 6.30. பிளேஆஃப் நடப்பதோ ஏப்ரல் கணக்கில். நள்ளிரவு வரை நேரம் கொடுக்கும் லீகாக இருந்தால் நமக்குக் காலை 9.30 ஆகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் அந்நேரம் வீட்டில் வைஃபை இருக்காது. முந்தின இரவே லைனை அனுப்பிவிடுங்கள்.

அடித்தளமாக என்.எச்.எல். முறை

சிம் லீகுகள் பெரும்பாலும் என்.எச்.எல். முறையை அப்படியே எடுத்துக்கொண்டு அங்கங்கே வெட்டி ஒட்டிக்கொள்ளும். அதனால் அசலைத் தெரிந்துகொண்டால் எந்த லீகின் விதியும் எளிதாகப் புரியும். 32 அணிகளில் 16 பிளேஆஃபுக்குப் போகின்றன. நான்கு டிவிஷனிலும் முதல் மூன்று இடம், அதோடு ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் (இரண்டு டிவிஷன் சேர்ந்தது) மீதி அணிகளில் புள்ளி அதிகமுள்ள இரண்டுக்கு வைல்ட் கார்டு. 2013-14 முதல் இதுதான் நடைமுறை. நான்கு சுற்று, ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத் தொடர், முதலில் நான்கு வெல்பவர் அடுத்த சுற்றுக்கு.

ஐ.பி.எல்.லோ சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல்.லோ பார்த்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்குத் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஹாக்கியில் முதலிடத்துக்குக் கிடைக்கும் சலுகை சொந்த மைதானம் மட்டும்தான், அதுவும் ஏழில் நான்கு ஆட்டத்துக்கு. லீகில் புதிதாகச் சேரும் நம்மவர்கள் வைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் 'குவாலிஃபையர், எலிமினேட்டர் வைக்கலாமே' என்பதாக இருக்கும். கெட்ட யோசனை இல்லை, எட்டு அணி லீகுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் நீங்கள் வைத்திருக்கும் மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கமிஷனர் ஒவ்வொரு தொடரையும் கையால் அமைக்க வேண்டி வரும், இரண்டு சீசனில் அவர் லீகையே விட்டுப் போய்விடுவார்.

விதி மாற்றக் கோரிக்கை வந்தால்

ஒரு மாற்றம் ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ள என்.எச்.எல்.லில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு லீக் ஆட்டங்கள் நடக்கும் நாட்களுக்கு மட்டும்தான் இருந்தது, பிளேஆஃபில் இல்லை. நீண்டநாள் காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பளத்துக்கு ஈடாக உச்சவரம்பைத் தாண்டிச் செலவு செய்யவும் அனுமதி உண்டு. 2020-21 சீசனில் டாம்பா பே அணியின் நிகிடா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சையால் 56 லீக் ஆட்டங்களிலும் ஆடவில்லை. பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் இறங்கினார். அந்தப் பிளேஆஃபில் எல்லோரையும் விட அதிகமாக 32 பாயிண்ட் எடுத்தார், அணி கோப்பையை வென்றது. டாம்பாவின் ஆட்கள் பட்டியல் அப்போது உச்சவரம்பை ஏறத்தாழ 18 மில்லியன் டாலர் தாண்டியிருந்தது. கொண்டாட்டத்தில் குச்செரோவ் அதையே சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு வந்தார்!

விதிக்கு உட்பட்டுத்தான் நடந்தது. டாம்பாவிடமிருந்து கோப்பையை யாரும் பறிக்கவில்லை. புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தின்போதுதான் விதி மாறியது. 2025-26 சீசனிலிருந்து பிளேஆஃப் ஆட்டத்தில் இறங்கும் 20 பேரின் சம்பளக் கணக்கும் உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும். நடுவில் நான்கு சீசன் பழைய விதியிலேயே ஓடியது.

இந்த வரிசை உங்கள் லீகுக்கும் பொருந்தும். ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார், அதை வைத்து ஜெயிக்கிறார், மற்றவர்கள் கொந்தளிக்கிறார்கள், மாற்றம் அடுத்த சீசனிலிருந்து வருகிறது. இதில் கடைசிப் படியைத்தான் பலர் தாண்டிக் குதிப்பார்கள். நடப்பு சீசனுக்கே விதியை மாற்றச் சொல்லி ஒரு கோரிக்கை வந்தால், அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் எதிர்த்து ஓட்டுப் போடுங்கள். பொங்கலுக்கு ஊரில் கிரிக்கெட் நடக்கும்போது கேட்சைப் பிடித்த பிறகு 'ஒன் பிட்ச் அவுட்டா இல்லையா' என்று பேச ஆரம்பிப்பார்களே, அதேதான் இது. பந்து யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாரும் பொதுவாகப் பேச மாட்டார்கள்.

அடுத்து, கோரிக்கையில் வீரர் பெயரையும் அணிப் பெயரையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'பிப்ரவரிக்குப் பிறகு வாங்கிய கோலி பிளேஆஃபில் ஆடக் கூடாது' என்று ஒரு கோரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். பெயரை மறந்துவிட்டுக் கேளுங்கள். இதே விதி போன சீசனில் இருந்திருந்தால் யாருக்கு அடி விழுந்திருக்கும்? அடுத்த சீசனில் நம் கோலிக்குக் காயம் பட்டால் நாம் என்ன செய்வோம்? ஃபார்வர்டுக்கு இல்லாத தடை கோலிக்கு மட்டும் ஏன்? மூன்றுக்கும் பதில் இருந்தால் ஆதரியுங்கள்.

தொடரின் நீளத்தைப் பற்றிய சண்டை

ஏறக்குறைய எல்லா லீகிலும் ஏதோ ஒரு சீசனில் இந்த விவகாரம் கிளம்பும். முதல் சுற்று ஐந்து ஆட்டத் தொடராக இருக்கும், முதலிடம் பிடித்த அணி அதில் வெளியேறிவிடும், 'ஏழு ஆட்டமாக்கினால்தான் நியாயம்' என்று கோரிக்கை வரும். உணர்ச்சி இருக்கட்டும், கணக்கைப் போடுவோம்.

ஒரு ஆட்டத்தில் வெல்ல 55 சதவீத வாய்ப்புள்ள அணியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த மைதானச் சலுகையை இப்போதைக்கு விட்டுவிடலாம். மூன்று ஆட்டத் தொடரில் அது வெல்லும் வாய்ப்பு 57.5 சதவீதம். ஐந்து ஆட்டத்தில் 59.3. ஏழு ஆட்டத்தில் 60.8. ஐந்திலிருந்து ஏழுக்குப் போனால் பலமான அணிக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் ஒன்றரை சதவீதம், அவ்வளவுதான். இதற்காகவா ராத்திரி முழுக்கச் சண்டை?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த 60.8 சதவீத வாய்ப்போடு நான்கு சுற்றையும் தாண்ட வேண்டும். நான்கு முறை பெருக்கினால் சுமார் 14 சதவீதம் வரும். அதாவது எல்லாச் சுற்றிலும் எதிரணியை விடப் பலமாக இருக்கும் அணியும் ஏழு சீசனுக்கு ஒரு முறைதான் கோப்பை வாங்கும். அசல் ஹாக்கியிலும் இதுதான் நிலைமை. 2018-19இல் 62 ஆட்டம் வென்ற டாம்பா பே முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்கு ஆட்டமும் தோற்றது. 2022-23இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனை வைத்த பாஸ்டன், 3-1 என்று முன்னிலையில் இருந்தும் புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் வெளியேறியது. எனவே உங்கள் லீகில் முதலிடத்து அணி தோற்றதும் மென்பொருளில் கோளாறு, கமிஷனர் சதி என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் இந்தக் கணக்கை எடுத்துப் போடுங்கள்.

நீளத்தை விட வேறு சில விதிகள் பெரிய வித்தியாசம் செய்யும். கோலிக்குக் களைப்பு என்ற அமைப்பை மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா, பிளேஆஃபில் தினமும் சிம் ஓடுகிறதா, ஒரு சுற்று முடிந்ததும் பலமான அணியோடு பலவீனமான அணியை மறுபடி பொருத்துகிறார்களா, ஜிஎம் இல்லாத அணிக்கு யார் லைன் போடுகிறார்கள் என்பவை. கடைசியாகச் சொன்னது முக்கியம். ஆளில்லாத அணி தானியங்கி லைனில் ஓடும்போது அதன் நல்ல வீரர் மூன்றாம் லைனில் உட்கார்ந்திருப்பார், எதிரே வரும் அணிக்கு இலவச வெற்றி. உங்களுக்கு ஒரே ஒரு விதி மாற்றம் கேட்க உரிமை இருந்தால் இதைச் சரி செய்யக் கேளுங்கள்.

எம்.வி.பி.: முதலில் விருது எது என்று படியுங்கள்

என்.எச்.எல்.லில் எம்.வி.பி. என்று பொதுவாகச் சொல்வது ஹார்ட் கோப்பையை. தன் அணிக்கு மிகவும் மதிப்பு வாய்ந்த வீரர் என்பதுதான் அதன் வரையறை. லீக் ஆட்டங்கள் முடிந்ததும், பிளேஆஃப் தொடங்கும் முன்பே ஹாக்கிச் செய்தியாளர்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். சீசனின் தலைசிறந்த வீரர் என்று சக வீரர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது டெட் லிண்ட்ஸே விருது. பிளேஆஃபின் எம்.வி.பி.க்குக் கான் ஸ்மைத் கோப்பை, 1965 முதல். உங்கள் லீகில் பெயர் எதுவாகவும் இருக்கலாம். 'தன் அணிக்கு' என்ற சொல் விதியில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

1989இல் மரியோ லெமியூ 199 பாயிண்ட் எடுத்தார். வேய்ன் கிரெட்ஸ்கி எடுத்தது 168. ஹார்ட் கோப்பை கிரெட்ஸ்கிக்குத்தான் போனது. அந்த சீசனில்தான் அவர் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு வந்திருந்தார், முந்தின சீசனில் 68 புள்ளி எடுத்த அணி 91 புள்ளிக்கு ஏறியது. 2018இல் கானர் மெக்டேவிட் 108 பாயிண்டோடு முதலிடம், ஆனால் அவருடைய எட்மண்டன் பிளேஆஃபுக்கே வரவில்லை. 93 பாயிண்ட் எடுத்த டெய்லர் ஹாலுக்கு விருது. அவர் ஆடிய நியூ ஜெர்சி அணியில் அவருக்கு அடுத்தவர் எடுத்தது 52 மட்டுமே. அப்படியானால் பிளேஆஃபுக்கு வராத அணி வீரருக்கு ஹார்ட் கிடைக்கவே கிடைக்காதா என்றால், 1988இல் லெமியூவுக்குக் கிடைத்தது, அவருடைய பிட்ஸ்பர்க் அந்த ஆண்டு வெளியேதான் இருந்தது. ஆகவே 'இதுதான் மரபு' என்று யாராவது அடித்துப் பேசினால் எதிர் உதாரணம் எப்போதும் கையில் இருக்கும்.

நம் குழுவில் ஒவ்வொரு சீசனும் இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும்:

"அண்ணாச்சி, நம்ம ஆளு 110 பாயிண்ட் எடுத்திருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஏல, அவன் லைன்ல மத்த ரெண்டு பேரும் எவ்வளவுன்னு பாத்தியா? ஒருத்தன் 98, இன்னொருத்தன் 95. யாரு யார இழுத்துட்டுப் போனாங்கன்னு எப்படில சொல்லுத?"

அண்ணாச்சி கேட்பதுதான் சரியான கேள்வி. 110 எடுத்தவரோடு, அடுத்த ஆள் 47இல் நிற்கும் அணியில் 88 எடுத்தவரை ஒப்பிட்டுப் பாருங்கள். வரையறை 'தன் அணிக்கு' என்றால் என் ஓட்டு 88க்கு. 'தலைசிறந்த வீரர்' என்றால் யோசிக்க வேண்டும்.

எண்களைச் சரிபார்க்கும் வேலை

பாயிண்டைப் பார்ப்பதற்கு முன் லீகில் ஒரு ஆட்டத்துக்கு இரு அணியும் சேர்ந்து சராசரியாக எத்தனை கோல் அடிக்கின்றன என்று பாருங்கள். அசல் என்.எச்.எல்.லில் இந்தக் காலத்தில் ஆறு கோல் சுமாராக வரும். உங்கள் லீகின் அமைப்பில் ஏழரை வருகிறது என்றால், அங்கே எடுத்த 110 பாயிண்ட் அசல் கணக்கில் 88க்குச் சமம். ஒரே சீசனில் இருவரை ஒப்பிட இது தேவையில்லை. 'போன சீசன் எம்.வி.பி. 95தான் எடுத்தான்' என்று வாதம் வரும்போது தேவைப்படும், நடுவில் கமிஷனர் அமைப்பை மாற்றியிருக்கலாம்.

பிளஸ்-மைனஸ் என்ற எண்ணை வைத்து வாதாடுபவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஐஸில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் பிளஸ், வாங்கினால் மைனஸ், பவர்பிளே கோல் சேராது. நல்ல கோலிக்கு முன்னால் ஆடும் சுமாரான டிஃபென்ஸ்காரருக்கும் இந்த எண் அழகாக இருக்கும். பவர்பிளே பாயிண்டைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஆட்ட நேரத்தையும் பாருங்கள். ஒரு ஜிஎம் தன் நட்சத்திரத்தை 27 நிமிடம் ஆட வைத்துப் பாயிண்ட் சேர்த்திருக்கலாம்.

கோலிகளுக்கு எப்போதும் ஓரவஞ்சனை. அசலிலும் அப்படித்தான். 2015இல் கேரி பிரைஸுக்குப் பிறகு ஹார்ட் கோப்பை வாங்கிய அடுத்த கோலி, 2025இல் கானர் ஹெல்லபக். சிம் லீகில் கோலியின் செல்வாக்கு இன்னும் அதிகம் என்பது என் அபிப்பிராயம், பல மென்பொருள்களில் முடிவை மாற்றும் ஒற்றை எண் கோலியின் ரேட்டிங்தான். அவரை மற்றவர்களோடு ஒப்பிட ஒரு எளிய கணக்கு உண்டு. அவர் சந்தித்த ஷாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு 1,700. லீக் சராசரி சேவ் விகிதம் (ஷாட்டுகளில் தடுத்தவற்றின் பங்கு) 0.905 என்றால் சராசரி கோலி ஒருவர் இதில் 161 அல்லது 162 கோல் விட்டிருப்பார். நம்மவர் விட்டது 130. ஆக சராசரியை விட 31 கோல் காப்பாற்றியிருக்கிறார். ஹாக்கியில் ஆறு கோல் ஏறத்தாழ ஒரு வெற்றி என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் ஐந்து வெற்றி, பத்துப் புள்ளி. இப்போது அட்டவணையைத் திறந்து அந்த அணியிடமிருந்து பத்துப் புள்ளியைக் கழியுங்கள். பிளேஆஃபுக்கு வெளியே போய்விடுகிறதா? உங்கள் ஓட்டுச்சீட்டின் மேல் பகுதியில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

ரேட்டிங்கை மட்டும் வாதத்தில் கொண்டுவராதீர்கள். 'இவனுக்கு 92, அவனுக்கு 86' என்பது மென்பொருளுக்குள் போன எண், வெளியே வந்த ஆட்டம் வேறு. 86 இருந்தும் அதிகம் செய்தவர் என்றால் அந்த ஜிஎம் அவரை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அர்த்தம், விருது அங்கே போவதில் தப்பில்லை.

பிளேஆஃப் எம்.வி.பி.க்கு ஓட்டுப் போடும்போது கடைசித் தொடர் மட்டும் கண்ணில் நிற்கும். நான்கு சுற்றையும் திறந்து பாருங்கள். மேலே சொன்ன குச்செரோவ் 32 பாயிண்ட் எடுத்த 2021இல் கான் ஸ்மைத் அவருக்குப் போகவில்லை. அதே அணியின் கோலி ஆந்திரெய் வாசிலெவ்ஸ்கிக்குப் போனது. நான்கு தொடரையும் முடித்துவைத்த ஆட்டங்களில் அவர் ஒரு கோல்கூட விடவில்லை. தோற்ற அணிக்கும் கொடுக்கலாம். 2024 இறுதித் தொடரில் எட்மண்டன் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது, 42 பாயிண்ட் எடுத்த மெக்டேவிட்டுக்கு விருது கிடைத்தது.

ஓட்டுச்சீட்டை நிரப்புதல்

ஹார்ட் ஓட்டில் ஒவ்வொருவரும் ஐந்து பெயர் எழுத வேண்டும், 10, 7, 5, 3, 1 என்று மதிப்பெண். பல சிம் லீகிலும் இதே முறைதான். புதியவர்கள் முதல் பெயருக்கு மண்டையை உடைத்துக்கொண்டு மீதி நான்கையும் ஏனோதானோவென்று எழுதிவிடுவார்கள். பத்துப் பேர் ஓட்டுப் போடும் லீகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஐந்து முதலிடம், மீதி ஐந்து சீட்டிலும் ஐந்தாம் இடம்: 55 மதிப்பெண். இன்னொருவருக்கு நான்கு முதலிடம், ஆறு இரண்டாமிடம்: 82. முதலிடம் அதிகம் வாங்கியவர் தோற்றுவிட்டார். இரண்டாம் மூன்றாம் பெயர்கள்தான் விருதைத் தீர்மானிக்கின்றன. 2002இல் ஹார்ட் ஓட்டில் ஹோசே தியோடரும் ஜரோம் இகின்லாவும் ஒரே மதிப்பெண்ணில் முடித்து, முதலிட ஓட்டு அதிகம் வைத்திருந்த தியோடர் வென்றார். ஒரே ஒருவர் நான்காம் பெயரை மாற்றி எழுதியிருந்தாலும் கதை வேறு.

இதைத் தெரிந்துகொண்டதும் சிலருக்குக் கை அரிக்கும். போட்டியில் இருக்கும் வலுவான பெயரைச் சீட்டிலேயே எழுதாமல் விட்டால் தன் ஆள் ஜெயிப்பான் என்று கணக்குப் போடுவார்கள். செய்யாதீர்கள். பத்துப் பேர் லீகில் யார் செய்தது என்று அன்றைக்கே தெரிந்துவிடும், அப்புறம் உங்களோடு டிரேட் பேச ஆள் வராது. சொந்த அணி வீரருக்கு ஓட்டுப் போடலாமா என்பதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இருக்கும். இல்லாவிட்டால் முதலிடம் மட்டும் கொடுக்காதீர்கள், இரண்டாமிடம் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் தானே ஒரு வீரரை உருவாக்கி வளர்க்கும் வகை லீகுகளும் உண்டு. அங்கே உங்கள் வீரருக்கு நீங்களே பிரசாரம் செய்வது வழக்கம்தான், ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீட்டோடு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி காரணம் எழுதி அனுப்புங்கள், கேட்காவிட்டாலும். வெளிநாட்டு ஜிஎம்கள் இருக்கும் லீகில் எளிய ஆங்கிலத்தில் எண்ணை மட்டும் சொன்னால் போதும். நம் ஊர்க் குழுவில் பேசுவதை நம் ஊர்க் குழுவோடு வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே பெயரை எழுதியிருந்தால் கூட்டு ஓட்டு என்ற பேச்சு வரும், உண்மையில் தனித்தனியாக யோசித்திருந்தாலும் வரும். ஆகவே மற்றவர் சீட்டைப் பார்க்காமல் முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் டீக்கடையில் சண்டை போடுங்கள்.

விதி மாற்றம் ஏதாவது நீங்களே முன்வைக்க நினைத்தால் கோப்பை முடிந்து, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் வையுங்கள். அடுத்த சீசனில் யார் பலமாக இருப்பார்கள் என்று அப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது. கோரிக்கையில் எந்த விதி, என்ன மாற்றம், எந்த சீசனிலிருந்து, மென்பொருளில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். நான்காவதை எழுதாத கோரிக்கையைக் கமிஷனர் திருப்பி அனுப்பிவிடுவார்.